வராத டிஸ்க் பிரேக்

"இன்னும் பார்ட்ஸ் வரலைன்னு சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றபடி பட்டறைக்குள் நுழைந்த டீச்சரம்மா, அட்டைப்பெட்டி ஒன்றை மெக்கானிக் முன்னால் வைத்தார். "டிஸ்க், காலிப்பர், ஹோஸ் எல்லாம் நானே வாங்கிட்டு வந்துட்டேன். இன்னைக்கே மாட்டுங்க."

மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். டீச்சரம்மாவும் கணவரும் இருபது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய பழைய டூரிங் பைக் அது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுவதற்காக வந்து, மூன்று மாதமாக மூலையில் நின்றது.

"சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவரை என்ன கேக்குறது? பைக் பேச்சை எடுத்தாலே நழுவுறார்."

அதற்குமேல் மெக்கானிக்கால் மென்று விழுங்க முடியவில்லை.

"அம்மா, பார்ட்ஸ் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வரலைன்னு சொல்லச் சொன்னதே சார்தான். கை நடுங்குதாம். பிரேக்கை அழுத்திப் பிடிக்க முடியலையாம். தெரிஞ்சா நீங்க மனசு ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு..."

டீச்சரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று பயந்து, மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"கை நடுங்குறது எனக்கு எப்பவோ தெரியும்ப்பா. அதை மறைக்க அவர் படுற பாட்டைப் பாத்துட்டுத்தான், நானும் அவருக்குத் தெரியாம பைக் ஓட்டக் கத்துக்கிட்டேன். போன வாரம் லைசென்ஸும் வந்துடுச்சு."

எழுந்து போய் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தார்.

"பிரேக் லீவரை மட்டும் என் விரலுக்கு எட்டுற மாதிரி கிட்ட வச்சுக் குடுங்க. இனிமே அவர் பின்னாடி உட்காரட்டும்."