யார் மேஜைக்கு?

“முதலாளிக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. கொசு அடிக்கப் பீரங்கி கேக்கறாரு” என்றான் திருப்புளி.

காதுமேல் எந்நேரமும் ஒரு திருப்புளியைச் செருகி வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பேர். கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்த மாதிரியே படம் பண்ணித் தருகிற சின்ன ஆபீஸ் அது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். நேற்று வரைக்கும்.

“என்ன கேக்கறார்?” என்றாள் எதிர் மேஜை அக்கா.

“புதுசா வாங்கறது ஒரே ஒரு மெஷின். டெஸ்க்டாப் ப்ராசஸர் போட்டா பறக்கும், செலவும் பாதி. இவருக்கு சர்வர் ப்ராசஸர்தான் வேணுமாம். எவனோ பெருமையடிச்சிருக்கான், இவரு மயங்கிட்டாரு.”

அக்கா சிரித்தாள். முதலாளி உட்பட அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். படத்தில் வெயில் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று அவளைக் கேட்காமல் சூரியனே உதிக்காது என்று கேலி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவள் இந்த மாதத்தோடு வேலையை விடுகிறாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. படம் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று பில்டர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால், வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகவும் வழியில்லை.

அவள் விஷயத்தைச் சொன்னபோது முதலாளி, “சரிக்கா, பார்க்கலாம்” என்றதோடு சரி.

“இத்தனை வருஷம் உழைச்ச உங்களை ‘இருங்க’ன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. தகரப் பெட்டிக்கு மட்டும் வாரி இறைக்கறாரு” என்று பொருமினான் திருப்புளி.

“விடு தம்பி. அவர் காசு, அவர் பெட்டி.”

அவனா விடுகிறவன்? நேரே முதலாளி அறைக்குள் போனான். அவர் ஒற்றை விரலால் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சார், சர்வர்ங்கறது ஒரே நேரத்துல நிறைய பேரை ஏத்தற பஸ் மாதிரி. டெஸ்க்டாப் பைக் மாதிரி. சட்டுனு போய்ச் சேரணும்னா பைக்தான் முந்தும்.”

“ஒத்துக்கறேன்” என்றார் அவர்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவன் நினைக்கவில்லை.

“அப்புறம் ஏன் சார் சர்வர்?”

“உன் பைக்ல எத்தனை பேர் ஏறலாம்?”

“ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்க்கறதுக்கு அது போதும் சார்.”

“அந்த ஒருத்தர் யாருப்பா? நீ சொல்ற மெஷின் யார் மேஜையில இருக்கும்?”

திருப்புளி காதுமேல் இருந்ததை எடுத்துத் திரும்பவும் செருகிக்கொண்டான்.

“டெஸ்ட் பண்ணிப் பார்க்கணுமே சார். கொஞ்ச நாளைக்கு… என் மேஜையிலதான்.”

“தெரியும். நேத்து நீ டேப் போட்டு உன் மேஜையை அளந்தியே, பார்த்தேன்” என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. “சர்வரே வாங்கு.”

வெளியே வந்தவன் அக்காவிடம் அரை மணி நேரம் புலம்பித் தீர்த்தான். டேப் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

பெட்டி வந்தது. பின்னால் இருந்த பழைய சாமான் அறையைக் காலி பண்ணி, பூட்டுப் போட்டு, அதற்குள் வைக்கச் சொன்னார் முதலாளி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வேலையில் அவன் குறை வைக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் மாவு மில் மாதிரி இரைந்தது.

மறுநாள் பில்டர்கள் வந்தார்கள். பூட்டை இழுத்துப் பார்த்தார்கள், பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், முதலாளியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார்கள்.

“ஊரைக் கூட்டிக் காட்சி வேற” என்று முணுமுணுத்தான் திருப்புளி.

அவர்கள் தலை மறைந்ததும் முதலாளி வெளியே வந்தார். அக்கா அப்போதுதான் சாப்பிட எழுந்து போயிருந்தாள்.

“ஏம்ப்பா, அக்கா மேஜையில இருக்கற மானிட்டர், கீபோர்டு எல்லாத்தையும் கழட்டி என் கார்ல ஏத்து.”

திருப்புளிக்குப் பொறுக்கவில்லை.

“இது நியாயமா சார்? அவங்க இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள மேஜையைக் காலி பண்றீங்க. மனுஷங்களைவிட உங்களுக்குப் பெட்டி பெருசாப் போச்சா?”

ஆபீஸே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. முதலாளி அவன் தோளில் கை வைத்தார்.

“படம் அந்தப் பூட்டின ரூம்லயே இருக்கும்னா, அக்கா வீட்டுல இருந்தபடியே நெட் வழியா இந்தப் பெட்டியில வேலை பார்க்க பில்டருங்க சம்மதிக்கறாங்க. பெட்டியைக் கண்ணால பார்த்தப்புறம்தான் தலையாட்டினாங்க. அதுக்கு முன்னாடி சொல்லி, அக்காவுக்கு வீண் ஆசை காட்ட வேணாம்னு இருந்தேன்.”

“அக்கா ஒருத்தருக்கு டெஸ்க்டாப்பே…” என்று இழுத்தான் அவன். வாய்ப் பழக்கம், சட்டென்று போகுமா?

“இன்னைக்கு அக்கா. நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுல அவசரம்னா உன் பைக்ல எத்தனை பேரை ஏத்துவ?”

திருப்புளி அக்காவின் மானிட்டரைக் கழற்றத் தொடங்கினான். கண் கலங்கியதில் ஸ்க்ரூ சரியாகத் தெரியவில்லை.

முதலாளி தன் அறைப் பக்கம் திரும்பினார். ரெண்டு அடி போனவர் நின்றார்.

“மறக்காம அந்த டேப்பை எடுத்துக்கோ. இந்தத் தடவை அவங்க அம்மா கட்டில் பக்கத்துல அளந்துட்டு வா.”