மிசோ எங்கே இருக்குங்க?

ஹிதேமாசாவுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. இன்றைக்கு சூப்பை அவரே வைத்தால்தான் சாப்பாடு. ஆனால் அதில் கரைக்கிற சோயா விழுதான மிசோ எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஏப்ரன் கட்டி நின்ற அம்மாளிடம் போய்த் தலை குனிந்தார்.

"மன்னிக்கணும், மிசோ எங்கே இருக்குங்க?"

"வாங்க, வாங்க! கீழ்த் தட்டுல, இடது பக்கம், ஐயா."

மிசோ கிடைத்தது.

"டோஃபு?"

"டோஃபுவுக்கு என்ன, ஐயா?"

"மன்னிக்கணும், டோஃபு எங்கே இருக்குங்க?"

"ஃபிரிட்ஜுல, முட்டைக்குப் பக்கத்துல. பார்த்து எடுங்க, உடைஞ்சா மாத்தித் தர மாட்டோம்."

அடுத்து கடற்பாசி, வெங்காயத்தாள். ஒவ்வொன்றுக்கும் குனிந்ததில் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"ஓய், கரண்டி!"

அம்மாள் காதில் விழாதவள்போல் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏன் மிசாவோ, என் வீட்டு சமையல்கட்டுல ஒரு கரண்டிக்கு, கட்டின பொண்டாட்டிகிட்ட எத்தனை தடவைதான் குனியறது?"

"நேத்து கடையில அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட மட்டும் சாமானுக்குச் சாமான் குனிஞ்சு கேட்டீங்களே! ரிட்டயர் ஆனதுலேருந்து எனக்கு 'ஓய், டீ! ஓய், உப்பு!' தானே? இனிமே 'ஓய்'க்கு இங்கே ஒண்ணும் கிடைக்காது."

ஹிதேமாசா குனிந்தார். கரண்டி கிடைத்தது. சூப் உப்புக் கரித்தது. இருவரும் குடித்துத் தீர்த்தார்கள். காலிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு எழுந்தவர் திருதிருவென்று விழித்தார்.

"மன்னிக்கணும், பாத்திரம் தேய்க்கிற பஞ்சு எங்கே இருக்குங்க?"

மிசாவோ அவரைவிடத் தாழக் குனிந்தாள்.

"இதைக் கேட்டு ஒருத்தர் வருவார்னுதாங்க முப்பத்தெட்டு வருஷமா கடையைத் திறந்து வெச்சிருக்கேன்!"