காற்றுப் புகாத பை

பனிமலைக்குப் படமெடுக்கப் போன கைலாசத்தின் உடல் கிடைக்கவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அவன் மூடிவைத்திருந்த கேமரா மட்டும் வீடு வந்து சேர்ந்தது. குளிரிலிருந்து வந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும், பையின் சில்லிப்பு முழுக்கப் போன பிறகே திறக்க வேண்டும் என்பான். ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்துச் சொல்வது மனைவி செண்பகத்தின் வேலை.

தை மாதம் வந்த பை. இப்போது அக்னி நட்சத்திரம். ஜன்னல் கம்பி கையைச் சுட்டது.

“இன்னைக்காவது தொறப்போம் மதினி. அண்ணன் கடைசியா எடுத்த படம் உள்ள இருக்கும்லா” என்றான் கொழுந்தன்.

அவள் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு.”

அவன் கை நீட்டினான். அவள் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். முகமெல்லாம் வியர்த்து வழிய, அவளுடைய பற்கள் தந்தியடித்தன.