கடைசிக் கோட்டு

“ஏய் ஓயுனா, வெளியே வாடி! வானத்துலருந்து பஞ்சு பஞ்சா கொட்டுது!”

மினசோட்டா கல்லூரி விடுதி வாசலில், மரிசோல் ரப்பர் செருப்போடு பனியில் குதித்தாள். விழும் பனியை நாக்கை நீட்டிப் பிடித்தாள். வழுக்கி விழுந்தவள், விழுந்த இடத்திலேயே உருண்டு உருண்டு சிரித்தாள்.

“அடியே, கையை அக்குளுக்குள்ள வை. விரல் விறைச்சுடும்!” அரைக்கைச் சட்டையோடு படியில் நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த அறைத்தோழி ஓயுனா அதட்டினாள்.

“உனக்குப் பழக்கம்டி. நான் பனியைப் பார்க்கிறதே இதான் முதல் தடவை!” மரிசோலின் பற்கள் தந்தியடித்தன.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசக் கோட்டு கொடுக்க வந்த வார்டன் கார்ல்சனுக்கு மனசு இளகிவிட்டது. மிச்சமிருந்த கடைசிக் கோட்டை மரிசோலின் தோளில் போர்த்திவிட்டார்.

“பாவம், நடுங்குறியே! எந்த நாடும்மா நீ?”

“அமெரிக்காதான் சார். ஃபுளோரிடா! எங்க பக்கம் வெயில் மட்டும்தான் கொட்டும்.”

கார்ல்சன் திருதிருவென்று விழித்தார். “அப்போ, லிஸ்ட்ல உங்க ரூமுக்குப் போட்டிருக்கிற வெளிநாட்டுப் பொண்ணு யாரு?”

“நான்தான் சார், மங்கோலியா,” என்றாள் ஓயுனா. “கோட்டு அவகிட்டயே இருக்கட்டும். எனக்கு இன்னொரு ஐஸ்கிரீம் கிடைக்குமா?”