திரும்பி வந்த குரல்

தையற்காரரின் இருபது வருடக் காத்திருப்பின் விலை, வரி உட்பட, இரண்டாயிரத்து நானூறு என்று உறையில் ஒட்டியிருக்கிறது. தையல் மேசைமேல் இருக்கும் ரெக்கார்டு பிளேயரில் புது இசைத்தட்டு சுழல்கிறது. ஜன்னல் வெயில் அதன் கறுப்பில் வழுக்குகிறது. கிழட்டு ராக் பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இழுக்கிறது. “மச்சான், இது பாட்டா, தூக்க மாத்திரையா?” என்கிறான் மைத்துனன். “ஆழம்டா! அவர் திரும்பப் பாட வருவார்னு இத்தனை வருஷம் உங்கிட்ட மல்லுக்கு நின்னேனே, இதுக்குத்தான்,” என்று தையற்காரர் கண்ணைத் துடைக்கிறார். மைத்துனன் குனிந்து பார்க்கிறான். “வேகமா சுத்த வேண்டிய தட்டை மெதுவா சுத்த விட்டுட்டு, ஆழமாம் ஆழம்!” வேகக் குமிழைத் திருகுகிறான். குரல் துள்ளி எழுகிறது. அவன் கால் தானாகத் தாளம் போடுகிறது. “சரி, ஒத்துக்கறேன். உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு!” ஜெயித்த தையற்காரர் விரலின் ஈரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நெடுநாள் பாக்கி வட்டியோடு வசூலாகிவிட்டது. அந்தக் கண்ணீரை மட்டும் எந்தக் குரலின் பெயரில் பற்று எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.