கணக்கு டப்பா

“ஏனுங்க அத்தை, மாமா பீரோவுல இருந்தா இதை எடுத்துட்டு வந்தீங்க? தெரிஞ்சா ஊடே ரெண்டாயிருமுங்க!”

மோகனப்பிரியா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மாமியார் சென்னியம்மாள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேசைமேல் வைத்தது, உள்ளங்கை அகலக் கறுப்பு ஹார்ட் டிஸ்க். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து மிக்சி வரை எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்காத வீடு அது.

“அவரு ராசிபுரத்துக் கண்ணாலத்துல பந்தியில உக்காராம வரமாட்டாரு. அதுக்குள்ள முடிச்சிரலாம் அம்மிணி.”

“இதுல மாமாவோட ரிக் கணக்கு இருக்குதுங்களே. யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே!”

“யாரும் தொடமாட்டாங்கன்னுதானே இதுல வெக்கச் சொல்றேன்?”

சென்னியம்மாள் இடுப்பிலிருந்து பழைய போனை எடுத்தாள். பாதித் திரை இருண்டு கிடந்தது. மீதிப் பாதி, மனது வைத்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை.

“போன மாசம் சார்ஜ் ஏறலைன்னு உங்க மாமா இதைச் சேலத்துக்கு எடுத்துட்டுப் போனாரு. அவரு திரும்பி வர்ற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி எறங்கல. நல்லவேளை, உள்ள இருக்கறதைப் பாக்கலையாட்ட இருக்குது. போன் இனித் தாங்காது, எப்ப வேணாலும் போயிரும்னு கடைக்காரன் சொன்னானாம். அன்னைக்கே இந்த டப்பாவையும் வாங்கிட்டு வந்து, கணக்கெல்லாம் இனி இதுலதான், ஒருத்தரும் கை வெக்கக்கூடாதுன்னுட்டாரு.”

“அப்படி என்னதானுங்க அத்தை இருக்குது இந்தப் போன்ல?”

“மாட்டிப் பாரு.”

மோகனப்பிரியா ஒயரைச் சொருகினாள். கம்ப்யூட்டர் திரையில் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டி, ஐஸ் தின்று சிவந்த நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடப் பெண்.

“என்ற மக வித்யா,” என்றாள் சென்னியம்மாள். அவ்வளவுதான். கண் நிறைந்துவிட்டது.

மோகனப்பிரியா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாத்தனார் பெயரைக் கேட்டிருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. வேற்று ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டு வித்யா போன அன்றைக்கே, மாமனார் கந்தப்பன் சுவரில் இருந்த படங்களை எல்லாம் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டார். எல்லோர் போனிலிருந்தும் அழிக்கச் சொன்னார். மோகனப்பிரியாவின் புருஷன் தர்ஷன் பக்கத்தில் நின்று அழிக்க வைத்தான். அன்றைக்கு அரிசி டிரம்முக்குள் புதைந்திருந்த இந்த ஒரு போன் மட்டும் தப்பித்தது.

“என்ற போனுக்கு மாத்திக்கட்டுங்களா அத்தை?”

“வேண்டாம் சாமி. உன்ற போன் பாதி நேரம் உம் புருசன் கையிலதான் இருக்குது. அவன் அப்பனுக்கு மேல.”

அடுத்த படம் வந்ததும் மோகனப்பிரியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். காட்டுக்கு நடுவில் ரிக் வண்டி. போர்க்குழியிலிருந்து தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. தலை முதல் கால் வரை கல் தூசி அப்பி, வெள்ளை வெளேரென்று அப்பனும் மகளும். பல்லைத் தவிர ஒன்றும் அடையாளம் தெரியவில்லை.

“நம்ம சொந்த ரிக்குல மொதமொதல்ல போட்ட போரு இது, மல்லசமுத்திரத்துல. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு இவதான் தேங்காய் ஒடைச்சா. தண்ணி கொட்டிச்சு! ராசியான கையின்னு, அப்புறம் இவ தேங்காய் ஒடைக்காம வண்டி எங்கயும் கெளம்பினதில்ல.”

“மாமாவுக்குச் சிரிக்கத் தெரியுமுங்களா!”

“அப்பெல்லாம் சிரிப்பாரு. அவ இல்லாம சோத்துல கை வெக்கமாட்டாரு. அவரு வர்ற லோடு வண்டி ஆரன் சத்தம் கேட்டதும் இவ செருப்புக்கூடப் போடாம ஓடுவா.” சென்னியம்மாள் திரையில் மகளின் கன்னத்தைத் தடவினாள். “இப்ப மனுசன் கல்லாயிட்டாரு. தெனம் சாப்பிட்ட கையோட இந்த டப்பாவை மாட்டிட்டுக் கதவைச் சாத்திக்கறாரு. கேட்டா கணக்கு. கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்துக் கண்ணெல்லாம் செவந்து போயி வெளிய வாராரு. பெத்த மக உசிரோட இருக்காளான்னு ஒரு நாள் கேட்டதில்ல.”

வெளியே கேட் சத்தம் கேட்டது. மோகனப்பிரியா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காற்றுதான்.

“சீக்கிரம் அம்மிணி. இந்தப் போன் போயிட்டா, என்ற மக மொகத்தைப் பாக்க எனக்கு வேற கதியில்ல. ஆனா அவரு கணக்கை மட்டும் தொறந்துறாதே. ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபுடிச்சிருவாரு.”

“தொறக்காமயே உள்ள அனுப்பிரலாமுங்க. அப்புறம் கண்ணுக்குத் தெரியாம மறைச்சும் வெச்சிரலாம். மாமாவுக்குத் தெரியவே தெரியாது.”

மோகனப்பிரியா டிஸ்க்கை மாட்டி, படங்களை மொத்தமாக அனுப்பினாள். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“என்னாச்சு அம்மிணி? போன் போயிருச்சா?”

“இல்லீங்க அத்தை. இந்தப் போட்டோ அத்தனையும் இந்த டிஸ்க்குல ஏற்கெனவே இருக்குதாமுங்க. மறுபடியும் வெக்கட்டுமா, வேண்டாமான்னு கேக்குது.”

“அதெப்படி? அதுல கணக்குத்தானே இருக்கோணும்?”

மோகனப்பிரியா பயத்தை ஓரமாக வைத்துவிட்டு டிஸ்க்கைத் திறந்தாள். ரிக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை வித்யாதான் இருந்தாள்.