பெட்டிக்குள் கண்ணாடி

தென்காசி வீட்டை ஒழித்துக்கொண்டு குற்றாலத்தில் இருக்கும் தம்பி வீட்டோடு போகிறாள் உலகம்மாள். அங்கே ஓர் அறைதான். ஒரு தகரப்பெட்டிக்கு மேல் இடமில்லை. வாசலில் சாரலில் நனைகிற வண்டிமாடு தலையை உதற, மணிச்சத்தம் உள்ளே கேட்கிறது. பெட்டி கனக்கிறதே என்று தம்பி நமச்சிவாயம் திறந்து, வெள்ளைச் சேலைகளை விலக்குகிறான். அடியில் முகம் பார்க்கிற கண்ணாடி. "இது எதுக்குக்கா ஒனக்கு?" கேட்ட பிறகுதான் அவளது வெறும் நெற்றி அவன் கண்ணில் படுகிறது. உலகம்மாளுக்குக் காதுமடல் சுடுகிறது. புருசன் போன பதினோரு வருசமாகக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் பார்ப்பதை எப்படிச் சொல்ல? "பல்வலிக்கு... பாத்துக் கிராம்பு வைக்கத்தான்" என்று பல்லில்லாத பக்கத்துக் கன்னத்தைத் தொடுகிறாள். நமச்சிவாயம் கண்ணாடியைச் சேலைகளால் மூடிப் பெட்டியைப் பூட்டுகிறான். "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டுகிறான். வாங்கக் கை எழாமல் நிற்கிறாள் உலகம்மாள்.